சயனைடு குன்றுப் போர்

என் வலது மணிக்கட்டு சின்னப்பனின் பற்களுக்கு நடுவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். அவர் சோற்றோடு பச்சை வெங்காயம் கடித்திருக்கிறார் என்பது அவர் மூச்சு விட்டபோதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். வருகிற பௌர்ணமியில் நிலா ஏறியதும் உன் உடம்பில் இன்ன இடத்தைக் கடித்து எடுப்பேன். அவ்வளவுதான். அந்த இன்ன இடத்துக்குக் காது என்று சொல்வது வழக்கம். என் அப்பா காது என்று சொன்னார். அவருடைய அப்பாவும் காதுதான். எங்கள் கூட்டத்தில் பெரியவர்கள் பாதிப் பேருக்கு ஒரு காதுதான் உண்டு. யார் பேசினாலும் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்பார்கள். வெளியார் அதைப் பணிவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

நானும் காது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் என் கண் சின்னப்பனின் வலது கையில் போய் நின்றுவிட்டது. அது சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் எட்டு மணி நேரம் அந்தக் கைக்கு ஒரு விரற்கடை பக்கத்தில் சம்மட்டி அடித்துப் பழகிய கண். வேறெங்கே போகும்?

"வலது கை" என்றேன்.

வரிசை முழுக்கச் சத்தம் அடங்கியது. சொன்ன சத்தியத்தைத் திருத்த எங்களிடம் வழி கிடையாது. புராணங்களில் பெரிய பெரிய சபதம் செய்கிறவர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: அவர்களில் யாருக்கும் மறுநாள் காலை ஷிப்ட் கிடையாது. எனக்கு இருந்தது. அதுவும் சின்னப்பனோடு.

கடிதம் எழுதிய இருவருக்கு

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் கல்யாணச் சடங்குகளைப் பற்றி எழுதியதற்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒருவர் நான் குடித்துவிட்டு எழுதுகிறேனா என்று கேட்டிருந்தார். இன்னொருவர் வெள்ளி எங்களைக் கொல்லுமா என்று விசாரித்திருந்தார். அவரிடம் ஏதோ திட்டம் இருக்கிறது.

முதலாமவருக்கு: நான் காலையில்தான் எழுதுவது. இரண்டாமவருக்கு: வெள்ளி பட்டால் அரிக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் பித்தளைக் கொலுசு போடுவது அதனால்தான். தங்கம் எங்களுக்கு ஒன்றும் செய்யாது. கோலார் தங்க வயலில் அதைத் தோண்டி எடுத்த யாருக்குமே அது ஒன்றும் செய்ததில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக மறுபடியும் சொல்லிவிடுகிறேன். வெளியார் எங்களை ஓநாய் மனிதர் என்பார்கள். நாங்கள் சொல்லிக்கொள்வது ரெண்டு தோல்காரர். பௌர்ணமி நிலா மேலே பட்டால் ஓநாய்த் தோல். விடிந்தால் மனிதத் தோல். ஒரு தோலில் போனது இன்னொரு தோலிலும் போகும். ஓநாய்க்குக் காது போனால் மனிதனுக்கும் காது போகும். முன்னங்கால் போனால் கை.

வட ஆற்காட்டில் பஞ்சம் வந்தபோது சுரங்கத்துக்கு ஆள் சேர்க்க ஒருவர் வந்தார். எங்கள் ஆட்களிடம் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இருட்டு என்றால் பயமா? இல்லை என்றார்கள். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை.

இங்கே வந்தவர்களில் சிலர் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து லைனில் குடிசை போட்டார்கள். சிலர் நந்திதுர்க் சுரங்கத்து லைனில் போட்டார்கள். ஊரில் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள்தான். இங்கே கொஞ்சம் தள்ளித் தள்ளிக் குடிசை போட்டதும் பரம்பரைப் பகை வந்துவிட்டது. நான் சொல்லும் காலத்தில் அந்தப் பரம்பரைக்குப் பத்து வயது.

மேடு இல்லாத ஊர்

ஊளையிட ஓர் உயரம் வேண்டும். பள்ளத்தில் நின்று ஊளையிடுவது போர்வைக்குள் பாட்டுப் பாடுவது மாதிரி. தங்க வயலில் பூமிக்குக் கீழே எத்தனையோ ஆழம் உண்டு. மேலே ஒரு நல்ல மேடு கிடையாது.

மின்சார விளக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனிக்காரர்கள் அரைத்த கல்லைச் சயனைடு விட்டு அலச ஆரம்பித்தார்கள். தங்கம் போக மிஞ்சிய வெள்ளை மண்ணைக் கொண்டுவந்து ஓரிடத்தில் கொட்டினார்கள். கொட்டிக் கொட்டி அது ஒரு குன்றாகிவிட்டது. சாம்பியனுக்கும் நந்திதுர்க்குக்கும் நடுவில், எவருக்கும் சொந்தமில்லாத இடத்தில். நிலா வெளிச்சத்தில் உப்பைக் குவித்தது போலப் பளபளக்கும். ஒரே குறை, அந்த மண்ணின் காரத்தில் எங்கள் மூக்கு வேலை செய்யாது. அங்கே ஊளை போடலாம், மோப்பம் பிடிக்க முடியாது.

ஒரு பௌர்ணமியில் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் அதன் மேல் ஏறிவிட்டன. இரண்டும் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. கேட்டவர்கள் நன்றாக இருந்தது என்றார்கள். பெரியவர்கள் அவமானம் என்றார்கள்.

கேட்டவர்கள் என்றால் பெண்கள். அவர்களுக்கும் இரண்டு தோல் உண்டு, ஆனால் ஊளை உரிமை இல்லை. பௌர்ணமியில் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும். கதவு என்பது மூங்கில் தட்டி. நரிகூடத் தள்ளிவிடும். வழக்கம் என்பதால் யாரும் தள்ளவில்லை.

ஆக, போர் என்று முடிவாயிற்று. பக்கத்துக்குப் பதினான்கு பேர்.

சத்தியத்துக்கு மனித வாய்

ஓநாய் வாயால் பேச முடியாது. அதனால் போர்ச் சத்தியத்தைப் பகலில், மனிதத் தோலில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பகலில் மனிதன் சொன்னது இரவில் ஓநாயைக் கட்டும் என்பது எங்கள் சட்டம். ஓநாயைக் கேட்காமல் போட்ட சட்டம்.

எங்களில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் உண்டு. மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு. மாதாவைக் கும்பிடாத வேறு கோயில்காரர்களும் உண்டு. எந்தச் சாமி மேல் சத்தியம் செய்வது என்று ஒரு தடவை பெரிய தகராறு வந்ததாம். பல் மேல் செய்வது என்று முடிவு செய்தார்கள். பல் எல்லோருக்கும் இருக்கிறது. எங்கள் தலைவர் எத்திராஜ் மேஸ்திரிக்கு நான்குதான் இருந்தது, ஆனால் கொள்கை அளவில் இருந்தது.

முறை இதுதான். எதிரியோடு நேருக்கு நேர் நிற்க வேண்டும். உன் மணிக்கட்டை அவன் பல்லுக்கு நடுவில் கொடுத்துவிட்டு எந்த அங்கம் என்று சொல்ல வேண்டும். மனதில் பொய் இருந்தால் அவன் கடிக்கலாம். பிறகு அவன் கை உன் வாயில். அன்றிலிருந்து போர் முடியும்வரை உப்பு விலக்கு, நகம் வெட்டுவது விலக்கு.

இருபத்தெட்டு பேர் வெட்டவெளியில் ஒருவர் கையை ஒருவர் கவ்விக்கொண்டு நிற்கும்போது எங்கள் சுரங்கத்தை மேற்பார்க்கும் கேப்டன் குதிரையில் வந்துவிட்டார். அவர் சீமையில் ஏதோ ஒரு மூலையில் சுரங்கம் தோண்டிய பரம்பரை. நல்ல மனுஷர். என்ன நடக்கிறது என்று கேட்டார். பெங்களூரில் பிளேக் வந்து அடங்கியிருந்த சமயம் அது. பல் பரிசோதனை என்றார் எத்திராஜ் மேஸ்திரி. கேப்டனுக்கு ரொம்பத் திருப்தி. உப்பு போட்டுத் தேய்க்கச் சொல்லிவிட்டுப் போனார். உப்பு விலக்கில் பல் தேய்ப்பது அடங்குமா என்று அதற்குப் பிறகு அரை மணி நேரம் வாதம் நடந்தது.

அவர் போன பிறகுதான் என் முறை வந்தது. கை என்று சொன்னேன்.

பிறகு சின்னப்பனின் கை என் வாய்க்கு வந்தது. அவர் நந்திதுர்க் லைன், ஆனால் வேலை எங்கள் சாம்பியன் சுரங்கத்தில். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். அவர் என்னையே பார்த்தபடி, கொஞ்சமும் அவசரப்படாமல் சொன்னார்:

"வால் நுனி."

இரண்டு வரிசையும் சிரித்தது. வால் நுனி என்று சொன்னால் எங்களிடம் எதிரியை ஆளாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். எத்திராஜ் மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில், என்னைப் பதினான்கில் சேர்த்ததற்காக அவர் தன்னையே நொந்துகொண்டது தெரிந்தது.

பாலாற்றங்கரையில் ஒரு மழைக்காலம்

இங்கே ஒரு பழைய போரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கொள்ளுத்தாத்தா கலந்துகொண்ட போர். எங்கள் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இது ஒன்றுதான்.

பாலாற்று மணலில், ஐப்பசி பௌர்ணமியில் போர் என்று இரண்டு கூட்டமும் சத்தியம் செய்துகொண்டன. ஐப்பசியில் மழை பெய்யும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. வானம் முழுக்க மேகம். நிலா தலையைக் காட்டவில்லை. நிலா இல்லாமல் தோல் மாறாது. வந்த வீரன் விடியும்வரை களத்தைவிட்டு நகரவும் கூடாது. மாறும்போது கிழியும் என்று துணியை வேறு எல்லோரும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

ஆகவே ஐம்பது அறுபது பேர் தூறலில் கோவணம்கூட இல்லாமல் எதிரும் புதிருமாக நின்றார்கள். முதல் ஜாமம் முறைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒருத்தர் தும்மினார். எதிர்ப்பக்கத்தில் ஒருத்தர் சுக்குக் கஷாயம் நல்லது என்றார். விடியும்போது இரண்டு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். என் கொள்ளுத்தாத்தாவின் கல்யாணம் அதில் ஒன்று. அந்தப் போர் நடந்திருந்தால் இந்தத் தொடர் வந்திருக்காது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம், விடியல் பற்றிய சட்டம். எதிரிகள் இரண்டு பேரும் களத்துக்கு வந்து, வேலை முடிவதற்குள் விடிந்துவிட்டால் சத்தியம் தானாகக் கரைந்துவிடும். யார் மேலும் குற்றமில்லை. ஆனால் களத்துக்கே வராதவன் ஒற்றை. ஒற்றையாகிவிட்டவனுக்குக் கூட்டத்தில் நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது. மனைவியை அவள் பிறந்த வீட்டார் வந்து அழைத்துப் போவார்கள். எனக்கும் மங்காவுக்கும் கல்யாணமாகி அப்போது ஆறு மாதம்.

அடி

எங்கள் வேலை இதுதான். சின்னப்பன் ஜம்பர் என்ற நீளமான உளியைப் பாறையில் வைத்துப் பிடிப்பார். நான் அதன் தலையில் சம்மட்டியால் அடிப்பேன். ஒவ்வொரு அடிக்கும் அவர் உளியைக் கொஞ்சம் திருப்புவார். வெளிச்சத்துக்கு ஒரு மெழுகுவத்தி. துளை ஆழமானதும் வெடிமருந்து வைக்க வேறு ஆள் வருவார்.

சத்தியத்துக்குப் பிறகு இரண்டு நாள் அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. வழக்கம்போலப் பிடித்தார், வழக்கம்போலத் திருப்பினார். சனிக்கிழமை நான் கடித்து எடுக்கப்போகிற கையை, அதுவரை பத்திரமாக இருக்கும்படி என் சம்மட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் அடி சறுக்கியது. உளியின் ஓரத்தில் பட்டுப் பொறி பறந்தது. அவர் கையை எடுத்து, பார்த்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இன்னா கோயிந்து, சனிக்கெழம வரிக்கும் பொறுக்க முடியலியா?"

"வாய் தவறிப்போச்சுணா. காதுன்னுதான் சொல்ல வந்தேன்."

"தெரியும்."

"நீங்க இன்னாத்துக்குணா வாலுன்னு சொன்னீங்க? லைன்ல சின்ன பசங்கல்லாம் என்ன பாத்து சிரிக்குதுங்க."

அவர் உளியை மறுபடியும் துளையில் வைத்தார்.

"காது போனா வெடிச் சத்தம் கேக்காது, செத்துப்பூடுவ. காலு போனா கேஜுக்கு நடக்க முடியாது. கை போனா கம்பெனில வெச்சிக்க மாட்டான். ஒவ்வொண்ணா யோசிச்சி பாத்தேன். மனுசனுக்கு வால் இல்ல. அது ஒண்ணுதான் வேலக்கி வோணாம்." உளியைத் திருப்பினார். "அடி."

அடித்தேன். அன்று எத்தனை துளை போட்டோம் என்று எனக்கு நினைவில்லை. புகை கண்ணில் இருந்தது. மெழுகுவத்திப் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓநாய்த் தோலில் இருப்பவனுக்கு யோசனை கிடையாது. வாலா கையா, கூட்டாளியா எதிரியா என்றெல்லாம் அது பார்க்காது. பகலில் சொன்னது மட்டும் அதற்கு ஞாபகம் இருக்கும். நான் களத்துக்குப் போனால் அந்தக் கையை எடுத்துவிடுவேன். போகாவிட்டால் ஒற்றை.

நிலா எட்டாத லெவல்

சுரங்கத்தில் சேர்ந்தபோதே எங்களுக்கு ஒன்று தெரிந்துபோயிருந்தது. நிலா பூமிக்குக் கீழே எட்டாது. கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி ஆழத்துக்குப் போய்விட்டால் பௌர்ணமி அன்றைக்கும் தோல் மாறாது. முழங்காலுக்குப் பின்னால் லேசாக அரிக்கும், அவ்வளவுதான். வீட்டில் விசேஷம், உடம்பு சரியில்லை என்று மாற விருப்பமில்லாதவர்கள் அன்றைக்குக் கீழே இறங்கும் ஷிப்டை மாற்றி வாங்கிக்கொள்வதுண்டு.

நானும் மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமை பிற்பகல் ஷிப்டில் இருந்த வெளியார் ஒருவருக்கு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கூத்து பார்க்க ஆசை. அவர் இடத்தில் நான். நிலா ஏறுவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் இறங்கிவிடுவேன். ஷிப்ட் முடியும்போது நிலா உச்சியில் இருக்கும் என்பதால் அடுத்த ஷிப்டும் அங்கேயே செய்துவிட்டு விடிந்த பிறகு ஏறுவது என்று திட்டம். அதற்குப் பிறகு ஒற்றை. ஆனால் சின்னப்பனின் கை அவருக்கு இருக்கும்.

இதைத் தியாகம் என்று எழுதிக்கொள்ள எனக்கு ஆசைதான். என் வாலைப் பற்றியும் எனக்குக் கவலை இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சின்னப்பனிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழைத்தனத்தைத் தனியாகச் செய்வதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

மங்காவிடம், வேலை ஜாஸ்தி, இரண்டு ஷிப்ட் என்றேன். போருக்குப் போகிறவனின் மனைவி அவன் இரண்டு காதையும் தொட்டு, இரண்டும் திரும்பி வரட்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். அவள் என் காதைத் தொடவில்லை. இரண்டு வேளைக்கும் களி உருண்டை கட்டிக் கொடுத்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலில் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு கேஜில் ஏறினேன். உள்ளே எனக்கு முன்னால் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூலையைப் பார்த்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு துண்டு. கதவு சாத்தியதும் கேஜ் இறங்க ஆரம்பித்தது. காற்றில் துண்டுகள் விலகின.

எல்லாம் சத்தியம் செய்த முகங்கள். இரண்டாவது கேஜில் வந்தவர்களையும் சேர்த்துக் கீழே எண்ணிப் பார்த்தேன். என்னோடு பதினான்கு.

"அவசர வேல" என்றார் எத்திராஜ் மேஸ்திரி. எல்லோருக்கும் அன்று அவசர வேலை இருந்தது. நிலா ஏறினதும் மேலே போய்விடலாம் என்று அவர் சொன்னார். நாங்கள் ஒப்புக்கொண்டோம். ஒருவரும் அசையவில்லை.

எனக்கு உளி பிடிக்க ஆள் இல்லாததால் தலைவரே பிடித்தார். ஆறு நாளைக்கு முன்னால் எங்களைப் பார்த்து ரத்தம் கொதிக்கிற மாதிரி பேசினவரின் கைக்குப் பக்கத்தில் இரண்டு ஷிப்ட் சம்மட்டி அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். சின்னப்பன் ஒருநாளும் மூடியதில்லை.

பதினான்கு பேர் கேட்காமலே இரண்டாவது ஷிப்டும் செய்கிறார்கள் என்று கேட்டுக் கேப்டன் கீழே இறங்கி வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். சாம்பியன் ஆட்களின் விசுவாசத்தைப் பற்றி அவர் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

வந்தான், வரல

காலையில் சங்கு ஊதி மேலே வந்தோம். நல்ல வெயில். போருக்கு மறுநாள் காலை இரண்டு கூட்டமும் களத்தில் கூடி, ஒவ்வொருவனைப் பற்றியும் அவன் எதிரி சாட்சி சொல்ல வேண்டும். வந்தான், அல்லது வரல. நாங்கள் பதினான்கு பேரும் ஒற்றையாவதற்காக வரிசையாக நடந்தோம்.

குன்றைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அடியிலிருந்து உச்சிவரை வெள்ளை மண் முழுக்க ஓநாய்க் கால்தடம். ஓடிய தடம், புரண்ட தடம், வட்டமிட்ட தடம். நந்திதுர்க் பதினான்கு பேரும் வந்து ராத்திரி முழுக்க எங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

அவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார்கள். அவர்களும் தடத்தைப் பார்த்தார்கள். அவர்கள் முகம் ஏன் வெளுத்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவர்கள் தலைவர் தாவீது பெரியவர் குனிந்து ஒரு தடத்தைத் தன் உள்ளங்கையால் அளந்தார். காலெல்லாம் கொஞ்சம் சின்னதாக இருக்கிறதே என்றார். ஓடும்போது பாதம் சுருங்கும் என்றார் எத்திராஜ் மேஸ்திரி. அப்படித்தான் என்று இரண்டு பக்கமும் தலையாட்டியது. இத்தனை வருஷத்தில் இரண்டு கூட்டமும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் தாவீது பெரியவர் வரிசையின் ஓரத்தில் நின்ற சின்னப்பனைப் பார்த்தார்.

"நீ சொல்லுபா. உன் ஆளு வந்தானா?"

சின்னப்பன் முதலில் அவர்கள் வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக. அப்புறம் எங்கள் வரிசையை. என்னிடம் வந்து கொஞ்சம் நின்றார். நான் என் மங்காவை நினைத்துக்கொண்டேன்.

"என் ஆள மட்டும் சொன்னா போதுமா? எல்லாத்தையும் சொல்றேன்" என்றார்.

சொன்னார். எத்திராஜ் மேஸ்திரி கிழக்குப் பக்கமிருந்து முதலில் பாய்ந்தது, தாவீது பெரியவர் அவரை உச்சியிலேயே மறித்தது, இரண்டு பேரும் புரண்டு அடிவாரம்வரை உருண்டது. ஒவ்வொருவனுக்கும் ஒரு பாய்ச்சல் கொடுத்தார். ஒருவரையும் விடவில்லை. எல்லோர் பல்லும் எதிரியின் காதுக்கு ஒரு மயிரிழை பக்கத்தில் போனபோது விடிந்துவிட்டது.

முதலில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தலைகள் நிமிர்ந்தன. அப்புறம் ஒருவன், தான் பாய்ந்தது இடது பக்கமில்லை, வலது பக்கம் என்று திருத்தினான். அவன் எதிரி, இல்லை, இடதுதான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றான். எத்திராஜ் மேஸ்திரி, உருண்டபோது இடுப்பில் பட்ட அடி இன்னும் வலிக்கிறது என்று பிடித்துக் காட்டினார்.

"கோயிந்து?" என்றார் தாவீது பெரியவர். "அவன் உன் கைய எடுக்கறன்னு சொன்னானே?"

எல்லோரும் சின்னப்பனின் வலது கையைப் பார்த்தார்கள். ஐந்து விரலும் இருந்தது.

"வந்தான்" என்றார் சின்னப்பன். "கைய வாயில புடிச்சான். கடிக்கல. புடிச்சிகினே நின்னான். விடிஞ்சிது, வுட்டுட்டான்."

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச் செயல் அது. அதையும் நான் செய்யவில்லை.

போர் சமம் என்று இரண்டு தலைவர்களும் அறிவித்தார்கள். சத்தியம் கரைந்தது. உப்பு விலக்கும் நீங்கியது.

திரும்பும் வழி

பாதை பிரியும் இடம்வரை சின்னப்பனோடு நடந்தேன். ராத்திரி முழுக்க அவர் குன்றின் மேல் எனக்காகக் காத்திருந்தார் என்றே நான் அப்போதும் நினைத்திருந்தேன்.

"மன்னிச்சிடுங்கணா. நான் வரல."

"தெரியும். நானும் போவல."

நான் நின்றுவிட்டேன்.

"நந்திதுர்க் கேஜு பக்கம் போனேன். எங்க ஆளுங்க அத்தினி பேரும் அங்க நின்னுகினு கீறானுங்க. உங்க கேஜுலயும் போவ முடியாது. மேல அந்தக் காலத்துக் குழி ஒண்ணு கீதில்ல, பாழாக் கெடக்கே? அதுல எறங்கி உக்காந்துகினு ராத்திரி முச்சூடும் ஜெபமால சொன்னேன். வவ்வாலு ஜாஸ்தி."

"அப்ப அவ்ளோ கத சொன்னீங்களே."

"ரெண்டு பக்கமும் மூஞ்ச பாத்தேன். அத்தினியும் திருட்டு மூஞ்சி. என் மூஞ்சி மாதிரியே." கையை முன்னால் நீட்டி, விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார். "யாராச்சும் ஒருத்தன் போயிருக்கணும் இல்ல?"

"அப்ப அந்தக் காலடி?"

பின்னால் யாராவது வருகிறார்களா என்று அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"காலைல குழிலேர்ந்து வூட்டுக்குப் போனேன். எம்பொஞ்சாதி கஞ்சி ஊத்துனா. அவ கால் வெரல் சந்துல வெள்ள மண்ணு. நான் கேக்கல." பாதை பிரியும் இடம் வந்துவிட்டது. "நீயும் கேக்காத."

அவர் நந்திதுர்க் பக்கம் போனார். நான் சாம்பியன் லைனுக்கு வந்தேன். வழியில் எந்த வீட்டிலும் அடுப்பு புகையவில்லை. தட்டிக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன.

மங்கா தூங்கிக்கொண்டிருந்தாள். சூரியன் ஏறிய பிறகு அவள் படுத்திருந்து அன்றுவரை நான் பார்த்ததில்லை. முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்ததும் அன்றுதான். போர்வை முழங்காலோடு நின்றுபோயிருந்தது.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டே அதன் ஓரத்தைத் துழாவிப் பிடித்து, கீழே இழுத்து, அவள் பாதத்தை மூடினேன்.